நாலுல வெச்சாப் போதுமுங்க

கொங்கு நாட்டில் ஒரு எண்ணைச் சொன்னால், அது எதையோ அளந்த எண்ணாகத்தான் இருக்கும். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டம் 40 வரும். பனியன் துணி 180 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் நிற்கும். தோட்டத்து மோட்டார் 5 ஹெச்பி என்றால் ஒரு ஹெச்பிக்கு 746 வாட் என்று பெருக்கிக்கொள்ளலாம். போர் எத்தனை அடி, பைப் எத்தனை இஞ்சு என்று பேச்சு முழுக்க எண்தான். தராசிலோ டேப்பிலோ வைத்துச் சரிபார்க்க முடியாத எண்ணை எங்கள் ஆட்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள்.

அதனால்தான் கிடார் ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் நாப் அவர்களைக் குழப்புகிறது. நான் கோவையில் கிடார் சொல்லிக்கொடுக்கிறேன். நோம்பிக் காலத்தில், அதாவது கோயில் திருவிழாக் காலத்தில், ஆர்கெஸ்ட்ராக்களோடு வாசிக்கவும் போவேன். ஒரு மாணவனுக்கு ஆம்ப் வாங்க அவன் அப்பாவோடு கடைக்குப் போயிருந்தேன். திருப்பூர்ப் பக்கம் நூல் வியாபாரம் செய்கிறவர். கடைப்பையன் எடுத்து வைத்த ஆம்பைக் குனிந்து பார்த்தார். நாப்பைச் சுற்றி 0 முதல் 10 வரை வெள்ளை எழுத்தில் எண்கள்.

"ஏனுங்க மாஸ்டர், இந்தப் பத்துங்கிறது என்னங்க? பத்து வாட்டுங்களா?"

"இல்லீங்க. இது 20 வாட் ஆம்பு."

"அப்பப் பத்துன்னா?"

"முழுசாத் திருப்பியாச்சுன்னு அர்த்தமுங்க."

"அது திருப்புறப்பவே தெரியுதுங்களே. அதுக்கெதுக்குங்க நம்பரு?"

கிடார் ஆம்பைப் பற்றி இவ்வளவு நேரான கேள்வியை நான் கேட்டதில்லை. அன்றைக்கு அவருக்குச் சொன்னதையும், கடையில் நின்றபடி சொல்ல முடியாமல் போனதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த நாப்புக்குப் பின்னால் இருப்பது பொட்டன்ஷியோமீட்டர் என்கிற சின்னத் தகர டப்பி. உள்ளே குதிரை லாட வடிவில் ஒரு கரிப் பட்டை, அதன்மேல் உரசிக்கொண்டு நகரும் ஒரு உலோக நாக்கு. நாப்பைத் திருப்பினால் நாக்கு நகர்கிறது. உள்ளே வரும் சிக்னலில் எவ்வளவு பங்கு அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்பதை அதன் இடம் தீர்மானிக்கிறது. ஓரத்திலிருந்து ஓரம் முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் கூடப் போகும், அவ்வளவுதான். அந்தத் தூரத்தைப் பத்தாகப் பிரித்துத் தகட்டில் அச்சடித்துவிட்டார்கள். எட்டாகப் பிரித்திருந்தாலும் அதே சத்தம்தான். எண்ணே போடாமல் விட்ட ஆம்புகளும் பெடல்களும் நிறைய உண்டு. அவற்றில் கிடார்க்காரர்கள் கடிகாரக் கணக்குப் பார்ப்போம். நாப்பின் கோடு நேராக மேலே பார்த்தால் பன்னிரண்டு மணி, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தால் ஒரு மணி.

காங்கேயம் பக்கம் ஒரு நோம்பியில் இந்தக் கடிகாரக் கணக்கு தெரியாத ஒலிபெருக்கி வைக்கும் புது ரேடியோ செட்டுக்காரரிடம், "அண்ணா, அதைப் பன்னெண்டு மணிக்கு வைங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் பதறிப்போனார். "பன்னெண்டு மணிக்கா? பத்து மணிக்கே நிறுத்தச் சொல்லி ஸ்டேஷன்ல எழுதி வாங்கியிருக்காங்க தம்பி!" மேடை மொத்தமும் சிரித்தது. விஷயம் புரிந்ததும் அவர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

சரி, பத்தாகப் பிரித்ததில் ஒவ்வொரு பங்கும் ஒரே அளவாவது சத்தத்தைக் கூட்டுமா? அதுவும் கிடையாது. நம் காது கூட்டல் கணக்குப் போடுவதில்லை, பெருக்கல் கணக்குப் போடுகிறது. ஒரு சத்தம் இரண்டு மடங்காகக் காதில் விழவேண்டும் என்றால் ஏறக்குறைய 10 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடவேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். 50 வாட் ஆம்பைக் கொடுத்துவிட்டு 100 வாட் வாங்கினால் கிடைப்பது 3 டெசிபல். கவனித்துக் கேட்டால் தெரியும் வித்தியாசம். மேடையை அதிரவைக்கும் வித்தியாசம் அதில் இல்லை. இரட்டிப்பு வாட் ஆம்புக்குக் காசைக் கொட்டுவதைவிட, அதே வாட்டுக்கு 3 டெசிபல் கூடக் கொடுக்கும் ஸ்பீக்கரை மாட்டினால் காதுக்குக் கிடைக்கும் பலன் ஒன்றுதான். ஸ்பீக்கர் விவரத்தில் ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் இத்தனை டெசிபல் என்று போட்டிருப்பார்கள். வாங்குகிறவர்கள் அந்த வரியைப் பார்ப்பதே இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

காதின் இந்தப் பெருக்கல் கணக்குக்காகவே பொட்டன்ஷியோமீட்டரில் இரண்டு ஜாதி செய்கிறார்கள். டப்பியின் முதுகில் அடித்திருக்கும் எழுத்தைப் பாருங்கள். பொதுவாக 'ஏ' என்றால் லாக், 'பி' என்றால் லீனியர். லாக் வகையில் பாதித் தூரம் திருப்பினாலும் சிக்னலில் 10 முதல் 15 சதவீதம்தான் வெளியே போகும். மிச்சமெல்லாம் அடுத்த பாதியில் வேகமாக ஏறும். காதுக்கு இதுதான் சீரான ஏற்றமாகப் படும். லீனியரில் பாதித் தூரத்தில் சரிபாதி வோல்டேஜ் வரும். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும் காதுக்கு அது அநியாயம். 5-லிருந்து 10-க்குத் திருப்பினால் கூடுவது வெறும் 6 டெசிபல். 1-லிருந்து 10 வரைக்கும் முழுசாகப் போனாலும் 20 டெசிபல்தான். அதாவது பெரிய சண்டையெல்லாம் 0-க்கும் 1-க்கும் நடுவிலேயே முடிந்துவிடும். விரல் நகத்தால் தொட்டால் வீடு அதிரும், அப்புறம் எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் பெரிதாக ஆகாது. அப்படி ஒரு ஆம்ப் உங்களிடம் இருந்தால் உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். உள்ளே மாட்டியிருக்கும் டப்பி அப்படி.

கடையில் இது வேறு மாதிரி விளையாடும். மூன்றிலேயே கண்ணாடி அலமாரி கிடுகிடுக்கும் ஆம்பைப் பார்த்ததும் வாங்க வந்தவர் மனசில் ஒரு கணக்கு ஓடும். மூன்றுக்கே இப்படி என்றால் பத்து வரைக்கும் எவ்வளவு மிச்சம் இருக்கும்! உண்மையில் மிச்சம் கொஞ்சம்தான். நூல்காரரின் கண்ணும் அப்படி ஒரு ஆம்பைப் பார்த்து விரிந்தது. பக்கத்தில் இருந்த, அதே வாட் உள்ள இன்னொரு ஆம்பை 6-க்குத் திருப்பிக் காட்டினேன். அதே சத்தம். "அப்ப ரெண்டு நம்பரும் வேற வேற பவுண்டுங்களா?" என்றார். நூல் வியாபாரி வாயிலிருந்து இதைவிடச் சரியான விளக்கம் வராது.

பழைய வால்வ் ஆம்புகளில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. மொத்தச் சத்தத்துக்கென்று தனி நாப், அதாவது மாஸ்டர் வால்யூம், இல்லாத ஆம்பில் பாதியைத் தாண்டுவதற்குள்ளேயே வால்வுகள் தங்கள் முழு சக்தியையும் கொடுத்துவிடும். அதற்குமேல் திருப்பினால் சத்தம் அவ்வளவாகக் கூடாது, ஒலி கனத்துக் கரகரக்கத் தொடங்கும். உலகம் முழுக்க ராக் கிடார்க்காரர்கள் உயிரைக் கொடுத்துத் தேடுவது இந்தக் கரகரப்பைத்தான். ஆக அந்த ஆம்பில் 0 முதல் 5 வரை ஒரு வேலை, 5 முதல் 10 வரை வேறு வேலை. ஒரே நாப், ஒரே வரிசை எண், நடுவில் அர்த்தமே மாறிப்போகிறது. எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். பாடகரின் குரல் ஒரு எல்லைக்குமேல் சத்தம் கூடாமல் உணர்ச்சி மட்டும் கூடும் பாருங்கள், அந்த இடம் இது.

இதைச் சோதித்துப் பார்க்க ஆசைப்படும் மாணவர்களுக்கு எளிய வேலை ஒன்று கொடுப்பேன். ஆம்பை 4-இல் வை. ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) உள்ள கிடாரை மாட்டி ஒரு கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) அடி. அதைக் கழற்றிவிட்டு ஹம்பக்கர் என்கிற இரட்டைச் சுருள் பிக்கப் உள்ள கிடாரை மாட்டி அதே கார்டை அடி. நாப்பைத் தொடாதே. இரண்டாவது கிடார் சும்மா தூக்கிப் போடும். நாலு அப்படியே நிற்கிறது, சத்தம் மட்டும் எங்கேயோ போய்விட்டது. மின்சாரம் ஒன்று, அறை ஒன்று, ஆம்ப் ஒன்று. ஒரு பையன் இதைச் செய்துவிட்டு நாப்பைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தான். பிறகு, "அப்ப இது சவுண்டோட நம்பர் இல்லீங்க மாஸ்டர், நாப்போட நம்பர்" என்றான். அவ்வளவுதான் பாடம்.

இந்த எண்களின் வரலாறு தெரிந்தால் இன்னும் சுவாரசியம். 1950-களின் பின்பாதியில் அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி விட்ட, ட்வீட் துணி போர்த்திய ஆம்புகளில் எண்கள் 12 வரை போயின. டீலக்ஸ், பாஸ்மேன் என்ற இரண்டு மாடல்களிலும் கோழித்தலை போல மூக்கு நீண்ட கறுப்பு நாப், அதைச் சுற்றி 1 முதல் 12. அந்த பாஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்துத்தான் லண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-இல் தன் முதல் ஆம்பான ஜேடிஎம் 45-ஐக் கொண்டுவந்தார். பின்னாளில் மார்ஷல் தகடுகளில் 0 முதல் 10 வரை என்பது வழக்கமாகிப்போனது. சர்க்யூட் அமெரிக்காவிலிருந்து லண்டன் வந்தது, 12 மட்டும் வந்து சேரவில்லை. பன்னிரண்டிலிருந்து பத்தானதால் யாருடைய சத்தமும் குறைந்துவிடவில்லை.

அப்புறம் 1984-இல் ராப் ரைனர் இயக்கிய 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' வந்தது. இல்லாத ஒரு ராக் குழுவைப் பற்றி ஆவணப்படம் போலவே எடுத்த நகைச்சுவைப் படம். கிறிஸ்டபர் கெஸ்ட் நடித்த கிடார்க்காரர் தன் ஆம்பைப் பெருமையோடு காட்டுகிறார். எல்லா நாப்பும் 11 வரை போகிறது. மற்றவர்கள் பத்தில் நின்றுவிடுவார்கள், அதற்குமேல் அவர்கள் எங்கே போவார்கள், தனக்கு இன்னும் ஒன்று இருக்கிறதே என்கிறார். பத்தையே இன்னும் சத்தமாக வைத்துவிட்டுப் பத்தோடு நிறுத்தலாமே என்று பேட்டி எடுப்பவர் கேட்கிறார். கிடார்க்காரர் யோசிக்கிறார், பிறகு இது பதினொன்று வரை போகும் என்று மறுபடியும் சொல்கிறார்.

உலகமே அதற்குச் சிரித்தது. அந்தப் படம் வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே நிஜமான ஆம்புகளில் 12 இருந்தது என்பது தெரிந்தால் இன்னும் நன்றாகச் சிரிக்கலாம். படத்துக்குப் பிறகு 11 ஒரு அடையாளமாகவே ஆகிவிட்டது. பிபிசியின் இணைய வீடியோ சேவையான ஐபிளேயரில் வால்யூமை 11 வரை போகும்படி வைத்தார்கள். 1990-இல் மார்ஷல் விற்பனைக்கு விட்ட ஜேசிஎம் 900-இல் 20 வரை எண் போட்ட நாப்பே வந்தது.

ஆனால் அந்தக் கிடார்க்காரர் கேட்டதில் ஒரு உண்மை இருப்பதாக நான் முழுமனசாக நம்புகிறேன். பாட்டின் நடுவில் தனி வாசிப்பு வரும்போது இன்னும் ஒரு படி வேண்டும். கீபோர்டு, டிரம்ஸ், பாடகர் எல்லாரையும் தாண்டிக் கிடார் எட்டு மாத்திரைக்குத் தனியாக நிற்கவேண்டும். அந்தப் படியை ஆம்பில் தேடுவதுதான் கோளாறு. அது கிடாரிலேயே இருக்கிறது. 1954-இல் வந்த ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடார் முதல் இன்றைக்குப் பாதிக் கிடார்களின் வால்யூம் நாப்பிலும் 1 முதல் 10 வரை எண் உண்டு. பாட்டு முழுக்க அதை 7-இல் வைத்து வாசித்துவிட்டு, தனி வாசிப்பு வரும்போது சுண்டுவிரலால் 10-க்கு உருட்டுங்கள். கேட்பவருக்குக் கிடார் ஓரடி முன்னால் வந்து நிற்கும். முடிந்ததும் திரும்ப 7. பதினொன்று தேடி அலையும் பிள்ளைகளுக்கு நான் முதலில் பழக்குவது இந்தச் சுண்டுவிரல் வேலையைத்தான். ஸ்கேல் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆம்பைத் தாண்டிப் பார்த்தால் ஆளுக்கொரு கணக்கு. டால்பி வைத்த சினிமா தியேட்டரில் சவுண்ட் நாப் 0 முதல் 10 வரை போகும், ஆனால் படம் மிக்ஸ் செய்தவர்கள் நினைத்த அளவு 7. அந்த வரிசையிலும் ஒவ்வொரு படியும் ஒன்றுபோல் இல்லை. 4-க்கு மேலே ஒரு எண்ணுக்கு 3.33 டெசிபல், 4-க்குக் கீழே ஒரு எண்ணுக்கு 20 டெசிபல். மைக், கருவிச் சத்தங்களையெல்லாம் சேர்த்துக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் 0 என்பது அடியில் இல்லை, முக்கால் உயரத்தில் இருக்கிறது. வந்த சிக்னலைக் கூட்டாமல் குறைக்காமல் அனுப்பு என்று அதற்கு அர்த்தம். ஹோம் தியேட்டரில் −30 என்று மைனஸில் ஓடும். போனில் பதினைந்தோ பதினாறோ கட்டம். வீட்டு டிவியில் 100. இதில் மிக்ஸரின் 0 மட்டும்தான் என் பார்வையில் நேர்மையான எண். எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம் என்று அது சொல்லிவிடுகிறது.

எண்கள் வீண் என்று நான் சொல்லவரவில்லை. அவை ஞாபகத்துக்கு உதவும், அதில் அவற்றை மிஞ்ச ஒன்றும் கிடையாது. எங்களோடு வழக்கமாக வரும் செட்டுக்காரர் அண்ணன் ஒருவர் தன் மிக்ஸரில் மேலும் கீழும் நகர்த்தும் ஃபேடர்களின் ஓரமாக வெள்ளை மாஸ்கிங் டேப் ஒட்டியிருப்பார். அதில் பேனாவால் சின்னச் சின்னக் கோடுகள். ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் 'கும்மி', இன்னொன்றில் 'பூசாரி', இன்னொன்றில் 'கிடாரு தம்பி'. வள்ளி கும்மிப் பாட்டுக்காரர் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்து உரக்கப் பாடுவார், அதனால் அந்தக் கோடு கீழே இருக்கும். பூசாரி மைக்கை ஒரு முழம் தள்ளிப் பிடிப்பார், அது மேலே இருக்கும். அச்சடித்த எண்களை அவர் பார்ப்பதே இல்லை. அவருடைய பழைய ஆம்ப்ளிஃபயரில் ஒரு நாப்பின் மூடி எப்போதோ உடைந்து, வேறு ஏதோ ரேடியோவின் மூடியைச் செருகியிருக்கிறார். அதன் கோடு 2-இல் நிற்கும்போதுதான் சத்தம் சுத்தமாக நிற்கும். அவர் கைக்கு அது தெரியும். அந்த டேப்பில் இருப்பதுதான் உண்மையான அளவுகோல். அந்த மைக், அந்த ஆள், அந்தப் பெட்டி மூன்றும் சேர்ந்தால்தான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம்.

நோம்பி மேடையில் எனக்கு நிஜமாகவே ஆதங்கம் வரும் இடம் வேறு. பூச்சாட்டு முடிந்து கச்சேரி நாளன்று கமிட்டிக்காரர் ஒருவர் மேடை ஏறி வருவார். என் ஆம்பைப் பார்ப்பார். "தம்பி, நாலுலதான் வெச்சிருக்கறீங்க. அத்தனை பணம் கொடுத்துக் கூட்டியாந்திருக்கறோம், ஃபுல்லா வைங்க கண்ணு." பாசத்தில்தான் சொல்கிறார், அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்த ஆம்ப் ஊருக்குக் கேட்பதற்காக வைத்ததல்ல. அதன் முன்னால் ஒரு மைக் இருக்கிறது. மைக்கிலிருந்து மிக்ஸருக்கும், மிக்ஸரிலிருந்து பெரிய பெட்டிகளுக்கும் போய்த்தான் ஊர் கேட்கிறது. ஆம்பை நான் ஏற்றினால் முதலில் பாதிக்கப்படுவது பாடுகிறவர். தன் குரல் தனக்கே கேட்காமல் அவர் கத்துவார். அவருக்காக, மேடையைப் பார்த்து வைத்த மானிட்டர் பெட்டியைக் கூட்டுவார்கள், மைக் கூவும், அப்புறம் டிரம்ஸ்காரர் ஓங்கி அடிப்பார். கால் மணி நேரத்தில் மேடையே சண்டைக்களமாகி, கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குப் பாட்டின் ஒரு வரிகூடப் புரியாது.

எண்ணை நம்பித்தான் ஆகவேண்டும் என்றால் அலகு உள்ள எண்ணை நம்பலாம். டெசிபல் மீட்டர் காட்டும் எண்ணுக்கு ஒரு பூஜ்யம் இருக்கிறது, நல்ல காதுக்குக் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலிதான் அந்தப் பூஜ்யம். 2000-இல் வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்காலத்துக்கென்று வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். காதின் கணக்கில் இப்படித் தளர்த்தல் எதுவும் கிடையாது. வேலையிடங்களுக்கு அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 100-க்குக் கால் மணி நேரம். பெட்டிக்கு நேர் முன்னால் மணல்மேல் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கால் மணி நேரம்தான் ஞாபகம் வரும். தயவுசெய்து அவர்களைப் பத்தடி பின்னால் உட்கார வையுங்கள். என் மேடையாக இருந்தால் நானே இறங்கிவந்து நகர்த்திவிட்டுத்தான் முதல் பாட்டைத் தொடங்குவேன்.

வரும் பங்குனியில், சித்திரையில் நோம்பி போடப்போகும் கமிட்டிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மேடையில் இருக்கும் எந்த நாப்பையும் பார்க்காதீர்கள். முதல் பாட்டு ஓடும்போது உங்களில் ஒருவர் கூட்டத்தின் கடைசிக்கு, கம்பங்கூழ் கடை போட்டிருக்கும் இடம் வரைக்கும் நடந்து போங்கள். அங்கே நின்று பாட்டின் வார்த்தை புரிகிறதா, கிடார் தனியாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். புரியவில்லை என்றால் மேடைக்கு வராமல் நேராகச் செட்டுக்காரரிடம் போய், "பாட்டு வெளங்கலீங்க" என்று மட்டும் சொல்லுங்கள். எதைக் கூட்டவேண்டும், எதைக் குறைக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும்.